முல்லைக்கு நாலு தூண்

திருவண்ணாமலை,
9-7-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ரேணுகாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா என்று எழுதுங்கள். தங்கவயலில் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள்.

ஜூன் முப்பதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு சால்வையும் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் மணி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவளுக்கு எதற்குக் கடிகாரம் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

அப்பா காலமானதிலிருந்து வாடகைக்கு விட்டிருந்த நம் செங்கம் சாலை வீட்டுக்கு வந்துவிட்டேன். குடியிருந்தவர்கள் அறைகளைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். பின்பக்கத் தோட்டம் முழுக்க எருக்கு. நம் மண்ணாங்கட்டி மூன்று நாள் வந்து வெட்டிப் போட்டான்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. காலை ஏழு மணிக்கு விழுகிற வெயில் மாலை ஐந்து வரை நகருவதில்லை. பக்கத்து வீட்டில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி குடியிருக்கிறாள். வெயில் வேண்டும் என்றே கடல் தாண்டி வந்தவள். அவளே என் தோட்டத்துக்கு வரும்போது குடை விரிக்கிறாள். இந்த இடத்தில் செடி வைப்பதா, கொடி வைப்பதா? நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும், கிளையை வெட்டிக் கவாத்து செய்தால் போதும். முல்லையோ ஜாதிமல்லியோ என்றால் பந்தல் வேண்டும், பக்குவம் வேண்டும். ஆனால் கீழே நாற்காலி போட்டு உட்காரலாம். செடி பூவை மட்டும் கொடுக்கும், கொடி பூவோடு நிழலையும் கொடுக்கும்.

என் மனசு முல்லைப் பக்கம் இருக்கிறது. அம்மா வைத்த முல்லைக்காக நட்ட நாலு கல்தூணும் ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. அந்த முல்லைக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். உங்களுக்கும் தெரிந்ததுதான்.

வீடு இருவர் பேரிலும் இருப்பதால் உங்களைக் கேட்டுச் செய்வதுதான் முறை.

உங்கள் தங்கை,
ரேணுகாம்பாள்


ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்,
20-7-84

அன்புத் தங்கை ரேணுவுக்கு அண்ணன் அப்பாதுரை ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அண்ணி சௌக்கியம். நீ வீட்டுக்குத் திரும்பி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

செடியே வை. நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி எல்லாம் அந்த வெயிலுக்குத் தாங்கும். சாமிக்கும் ஆகும். கொடி வேண்டாம். பந்தல் அடர்ந்தால் பாம்பு வந்து படுக்கும். நீயோ தனியாக இருக்கிறாய். அந்தத் தூண்களும் பழையவை, என்றைக்கு யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. பிடுங்கிப் போட்டுவிடுவது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பாதுரை


திருவண்ணாமலை,
2-8-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சுகம். அண்ணிக்கு வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுங்கள்.

பாம்பு விஷயத்தை மண்ணாங்கட்டியிடம் கேட்டேன். நாற்பது வருஷம் தோட்ட வேலை பார்த்தவன். "பாம்பு எலிக்கு வருதுங்க டீச்சரம்மா. பூவுக்கு அது இன்னாத்துக்கு வரும்?" என்றான். அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு வீட்டில் முல்லைப் பந்தலின் கீழேதான் சமையலே நடக்கிறதாம். பதியன் போட்ட கொடி அங்கிருந்தே கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். தூணையும் சோதித்தோம். அவனும் நானும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். தூண் நகரவில்லை, எனக்குத்தான் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

ஆறாம் வகுப்பில் நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். இரண்டு தொட்டியில் அவரை விதை. ஒன்றின் பக்கத்தில் குச்சி நட்டிருக்கும், மற்றதில் இருக்காது. குச்சி இல்லாத கொடி நாலு நாள் தரையில் அலைந்துவிட்டு, ஜன்னல் கம்பி எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துப் போய்விடும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். கொடி பலவீனமான ஜாதி என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பிடிப்புத் தேடுகிறது, அவ்வளவுதான்.

நந்தியாவட்டையும் வைக்கிறேன், சுவர் ஓரமாக. நடுவில் முல்லைதான் வரும். உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் ஆவணியில் நட்டுவிடுவேன்.

ரேணுகாம்பாள்


ராபர்ட்சன்பேட்டை,
3-9-84

அன்புத் தங்கைக்கு,

ஆசி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே மழை ஜாஸ்தி.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். கொடி சரிப்படாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் கம்மி, சித்திரையில் அடி தெரியும். முல்லைக்குக் கம்பளிப்பூச்சி வரும். பந்தலில் பூப் பறிக்க நீ முக்காலி மேல் ஏறவேண்டும், இந்த வயதில் விழுந்தால் யார் பார்ப்பது? அண்ணியும் அதையேதான் சொல்கிறாள். சாமிக்கு நாலு செடி இருந்தால் போதும், வேறு பூ எதற்கு என்று கேட்கிறாள். 

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று மற்ற ஏற்பாட்டை நானே செய்துவிட்டேன்.

அப்பாதுரை


திருவண்ணாமலை,
18-9-1984

அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. கோபமும் அதைவிட நன்றாக இருக்கிறது.

நீங்கள் செய்த ஏற்பாடு நேற்றுக் காலை எட்டரை மணிக்குத் தோளில் கடப்பாரையோடு வந்தது. நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டி என் முகத்தைப் பார்க்காமல் நேராக வடகிழக்குத் தூணண்டை போனான்.

"இன்னாடா பண்ற?" என்று கேட்டேன்.

"பெரியவரு கார்டு போட்டிருக்காருங்க. நாலு கல்லையும் புடுங்கிட்டு அந்த எடத்துல அரளி வச்சிடச் சொல்றாரு."

"என்னைக் கேட்டாரா?"

மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். "எனக்குப் படிக்க வராதுங்க. தபால்காரருதான் படிச்சாரு. ஒருவேள அவரு தப்பாப் படிச்சிருப்பாரோ என்னவோ. நீங்க ஒருதரம் பாருங்க."

அவன் எனக்கு வழி விட்டுக் கொடுத்தான், அண்ணா. கல்வி இல்லாதவனுக்கு இருக்கிற இங்கிதம் அது. நான் படித்தேன். தபால்காரர் ஒரு எழுத்தும் தப்பாகப் படிக்கவில்லை. 'டீச்சரம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவள் கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்துச் செய்' என்று கடைசி வரி இருந்தது. மண்ணாங்கட்டி அந்த வரியை மட்டும் மீறியிருக்கிறான். நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான்.

நாற்காலியைக் கொண்டுபோய் அந்தத் தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். அவன் கடப்பாரையை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து காபி குடித்துவிட்டுப் போனான்.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் காரணம் கேட்டவள் நான். ஒரு நாள் வராத பிள்ளைக்கு உண்மையான காரணம் இருந்தால் ஒன்றுதான் சொல்லும். 'காய்ச்சல் டீச்சர்' என்று முடித்துவிடும். வயிற்றுவலி, மழை, பஸ் வரலை, தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நாலு சொல்கிற பிள்ளையிடம் ஐந்தாவதாக ஒன்று இருக்கும். நீங்கள் பாம்பு, தூண், தண்ணீர், கம்பளிப்பூச்சி, முக்காலி, அண்ணி என்று ஆறு சொல்லியிருக்கிறீர்கள்.

ஏழாவதை நானே சொல்லிவிடுகிறேன். தாலி இழந்தவள் வீட்டு நடுவில் முல்லை எதற்கு? அரளியும் நந்தியாவட்டையும் சாமிக்குப் போகும், முல்லை தலைக்குப் போகும். இதுதானே? இதை எழுதக் கை கூசியதால் கடப்பாரையை அனுப்பினீர்கள்.

1950 ஆனி மாதம் என் வீட்டுக்காரர் டைபாய்டில் போனார். எனக்கு வயது இருபத்து நாலு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இந்த வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். மறுநாள் காலை நான் பின்கதவைத் திறந்தபோது அம்மாவின் முல்லை முழுக்கத் தரையில் கிடந்தது. மொட்டுகள் வாடக்கூட இல்லை. அப்பா பக்கத்தில் அரிவாளோடு நின்றிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் இருந்த பதினோரு வருஷமும் அவரிடம் நான் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களுக்கு அது தெரியும். ஒருதரம்கூட என்னை ஏன் என்று கேட்டதில்லை நீங்கள்.

அப்பா கொடியை வெட்டினார். இப்போது மகன் தூணையும் பிடுங்கப் பார்க்கிறீர்கள். எனக்கு அந்த முல்லை திரும்ப வேண்டும். அதைத் தலையில் வைப்பேனா, மாட்டேனா என்பது அதற்கு அப்புறம் வருகிற விஷயம், அது என் விஷயம்.

ஏழாவது காரணம் சரியா, தப்பா? ஒரு வரி எழுதுங்கள்.

ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
26-10-1984

அண்ணனுக்கு,

தீபாவளி வாழ்த்து. ஐந்து வாரம் ஆகிறது. வருஷா வருஷம் தீபாவளிக்கு வருகிற கார்டும் வரவில்லை.

நான் இன்னும் எதையும் நடவில்லை. ஐப்பசி மழை நல்ல மழை. நாலு தூணுக்கும் நடுவில் வெறும் ஈர மண் கிடக்கிறது. உங்களை மீறி நட்டுவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கேள்வி கேட்டவள் பதில் வாங்காமல் வகுப்பை விட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

உடம்பு சரியில்லை என்றால் அண்ணியையாவது எழுதச் சொல்லுங்கள்.

ரேணுகாம்பாள்


ராபர்ட்சன்பேட்டை,
5-11-84

அன்புள்ள நாத்தனாருக்கு சரோஜா எழுதிக்கொண்டது. நான் நல்லா இருக்கேன், சர்க்கரைதான் எறங்கலை. மூணாங்கிளாஸ் படிச்ச கை, தப்பு இருந்தா சிவப்பு மையில திருத்தி அனுப்பிடாதீங்க.

உங்க அண்ணன் சரியா சாப்பிடறது இல்லை. உங்க லெட்டரைத் தலகாணி உறைக்குள்ள வச்சிருக்காரு. நாலு தரம் பதில் எழுத உக்காந்தாரு, நாலு தரமும் கிழிச்சிட்டாரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. அதனால நான் அவரு குளிக்கப் போனப்ப எடுத்துப் படிச்சிட்டேன். தப்புதான்.

படிச்சதும் எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. உங்க மேல இல்லை. கொடி வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க கொடி வைக்கப்போற சங்கதியே எனக்கு அந்த லெட்டரைப் பாத்துதான் தெரியும். எம்பேரைப் போட்டு எழுதியிருக்காரு பாருங்க. நாப்பது வருசம் அவருக்கு சோறு போட்டதுக்கு எனக்குக் குடுத்த மரியாதை இது. நான் அவர்கிட்ட கேட்டுட்டேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு.

நாத்தனாரே, நீங்க நெனைக்கிற காரணம் இல்லைன்னு எனக்குத் தோணுது. போன வருசம் இங்க பக்கத்து வீட்டுல புருசன் செத்த பொண்ணுக்கு, பூ வச்சிக்கோம்மான்னு வாங்கிக் குடுத்தவரே இவருதான். அப்படிப்பட்டவரு கூடப்பொறந்தவளுக்கு வேணாம்னு சொல்வாரா? வேற என்னமோ இருக்கு. முப்பத்து நாலு வருசமா, மாமனாரு கடைசிக்கு வந்தது தவிர, ஊருக்குப் போலாம்னு நான் கூப்பிடறப்பல்லாம் டூட்டி, லீவு இல்லைன்னு சொன்னவரு, ரிட்டயர் ஆனப்புறமும் அதையேதான் சொல்றாரு.

எழுத வைக்கிறேன். அதுவரைக்கும் நான் அவர்கூடப் பேசப்போறது இல்லை.

சரோஜா


ராபர்ட்சன்பேட்டை,
21-11-84

ரேணுவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

முல்லையை வெட்டியது அப்பா இல்லை. நான்.

அன்றைக்குக் காலையில் அப்பா, காரியத்துக்கு வந்தவர்களைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தார். நீ உள்ளறையில் படுத்திருந்தாய். பந்தல் முழுக்கப் பூத்திருந்தது. வெள்ளையம்மா அத்தை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு கண்ணு தொறந்தா மொதல்ல இதுதான்டா தெரியும். இந்த வாசனையில அவ எப்படிக் கெடப்பா? நீ ஆம்பளதானே, எதனா செய்யி" என்றார். அத்தை சொன்னது உண்மை. அரிவாள் என் கையில் இருந்தது என்பதும் உண்மை. அத்தை மேல் பழி போட இதை எழுதவில்லை. எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் வெட்டினேன்.

அப்பா திரும்பி வந்து பார்த்தார். காலமான அம்மா கையால் வைத்தது. என் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, "உள்ள போடா" என்றார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போவதற்கும் நீ பின்கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது. ஜன்னல் வழியாக உன் முகத்தைப் பார்த்தேன். நான் செய்தது நல்லது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் சாயந்திரம் அப்பாவிடம் போய், ரேணுவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. "என் காலத்துக்கு அப்புறம் அவளுக்குன்னு நீ ஒருத்தன்தான்டா இருக்கப்போற. எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். மூன்றாம் நாள் நான் தங்கவயலுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

அந்த நாலு தூணைப் பார்க்க முடியாமல்தான், அப்பாவின் கடைசி நாட்கள் தவிர, ஊருக்கு வராமல் இருந்தேன். பிடுங்கச் சொன்னதும் அதற்காகத்தான். நீ சொன்ன ஏழாவது காரணம் தப்பு. இதுதான் ஏழாவது.

அப்பாதுரை


திருவண்ணாமலை,
2-12-1984

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒன்பது நாள் ஆகிறது. தீபத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. தெருவில் கால் வைக்க இடமில்லை. நான் வெளியே போகவே இல்லை.

கணக்குப் புத்தகத்தில் பின்பக்கம் விடைகள் இருக்கும், நினைவிருக்கிறதா? பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுகிறார்கள் என்று சில டீச்சர்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தங்கள் மேஜைக்குள் வைத்துக்கொள்வார்கள். நான் செய்ததில்லை. தன் விடை தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு வேறு வழி ஏது? நீங்கள் என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து முப்பத்து நாலு வருஷம் வைத்துக்கொண்டீர்கள். தப்பு விடையை வைத்துக்கொண்டு நான் வாழ்க்கை முழுக்கக் கணக்குப் போட்டேன்.

என்ன போட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கேளுங்கள்.

என்னை வேலூரில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்தவர் அப்பா. அக்கம்பக்கத்தார் கேலி செய்ததையும் பொருட்படுத்தாமல் சேர்த்தார். என்னைக் கண்ணெதிரே வைத்திருக்கப் பிடிக்காமல் அனுப்புகிறார் என்று நினைத்தேன். வேலை கிடைத்த வருஷம் எனக்கு ஒரு குடை வாங்கி வந்தார். "அங்க வச்சிட்டுப் போங்க" என்றேன். தினமும் சாயந்திரம் நான் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். நான் அவரைத் தாண்டி உள்ளே போவேன். கடைசி வாரம் படுக்கையில் இருந்தபோது, "எதனா பேசும்மா" என்றார். மருந்துக்கு நேரமாயிற்று என்று சொன்னேன். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை.

அப்போது நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். கட்டில் காலடியில் நின்றிருந்தீர்கள்.

நல்லது என்று நினைத்து வெட்டினேன் என்கிறீர்கள். அதை நம்புகிறேன். வெட்டியதற்காக எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அது சின்னக் கோபம். அப்பா சொல்ல வேண்டாம் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா 1961-ல் போய்விட்டார். அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம் யார் சொல்ல வேண்டாம் என்றது?

போன மாதம்கூட நீங்களாகச் சொல்லவில்லை. அண்ணி பேசாமல் இருந்ததால் சொன்னீர்கள்.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். பொங்கல் கழிந்ததும் இங்கே வாருங்கள். வடகிழக்குத் தூணுக்கு ஒன்றரை அடி தள்ளி, இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி. அதை நீங்கள் தோண்ட வேண்டும். மண்ணாங்கட்டி பக்கத்தில் நிற்பான், மண்வெட்டியைத் தொடமாட்டான். எருவும் மணலும் கலந்து வைத்திருப்பேன். முல்லையை உங்கள் கையால் இறக்கி, நீங்களே மண் தள்ளி மிதிக்க வேண்டும்.

இதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். இது வேலை.

அண்ணியையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு என் அன்பு.

ரேணுகாம்பாள்


ராபர்ட்சன்பேட்டை,
4-1-85

ரேணுவுக்கு,

தை ஐந்தாம் தேதி காலையில் இங்கிருந்து கிளம்புகிறோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூர், செங்கம் வழியாக பஸ். இருட்டுவதற்குள் வந்துவிடுவோம். டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதைக் காரணமாக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

இங்கே ஒருவர் வீட்டில் அடுக்கு நந்தியாவட்டைக் கன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுவர் ஓரத்தில் வைப்பதாக ஆகஸ்டில் எழுதியிருந்தாய். இப்போதும் வைப்பாய் என்றால் கொண்டுவருகிறேன்.

அண்ணி என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள், கொஞ்சம்.

அப்பாதுரை


திருவண்ணாமலை,
14-7-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் இடுப்புக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்திருக்கும், அடுத்த வாரம் ஒருவர் பெங்களூர் போகிறார், அவரிடம் தருகிறேன். அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியது கேட்டு நிம்மதி.

கோபம் போய்விட்டதா என்று அண்ணி கேட்டிருந்தார்கள். போகவில்லை. தினமும் காலையில் குடத்தோடு அந்தத் தூணண்டை போகும்போது வருகிறது. தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது கொஞ்சம் கம்மியாகிறது. மறுநாள் காலையில் திரும்பவும் வருகிறது. கொடிக்குத் தினமும் தண்ணீர் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் குழி தோண்டியபோது மூன்று தரம் உட்கார்ந்தீர்கள். நான் எண்ணினேன். மண்ணாங்கட்டி இரண்டு தரம் மண்வெட்டியை வாங்க வந்து, நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போனான். குழி ஒன்றேமுக்கால் அடிதான் இருந்தது. நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் கொண்டுவந்த நந்தியாவட்டை சுவர் ஓரத்தில் நன்றாக நிற்கிறது. இந்த வெயிலுக்குச் செடி என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. சித்திரையில் முல்லை இலை சுருண்டபோது அது ஒரு வாட்டமும் இல்லாமல் பூத்தது. கம்பளிப்பூச்சியும் வந்தது. அதுவும் நீங்கள் சொன்னதுதான். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். பாம்பு மட்டும் இன்னும் வரவில்லை.

ஆனி மழைக்குப் பிறகு கொடி தூணின் பாதியைத் தாண்டிவிட்டது. நேற்று முதல் தடவையாகப் பூத்தது. சாயந்திரம் மொட்டாகவே பறித்துவிட்டேன். முக்காலி வேண்டியிருக்கவில்லை, கைக்கு எட்டியது. மொத்தம் பதினோரு மொட்டு. வாழை நாரில் நானே கட்டினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறமும் விரலுக்கு முடிச்சு மறக்கவில்லை.

ஆறு அப்பா படத்துக்கு. படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. உங்களைப் பற்றியும் கொஞ்சம் இருந்தது.

மீதி ஐந்து எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். இன்று காலை மண்ணாங்கட்டி வேலைக்கு வந்தான். என்னைப் பார்த்தான். "நல்லாகீதுங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டான்.

அங்கே யாராவது கேட்டால், சாமிக்குப் போட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
ரேணுகாம்பாள்